எனக்கு முன்னே போன மஞ்சள் பை

பஸ் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். குளித்தலையிலிருந்து திருச்சிக்கு இருபத்தாறு வருஷமாக பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறவள் நான். பெட்டவாய்த்தலையில் எந்த டிரைவர் டீ குடிக்க இறங்குவார், எந்த ஜன்னல் வழியாகப் பையை வீசினால் எந்த சீட்டில் போய் விழும் என்பதெல்லாம் அத்துப்படி. அதனால் தம்பி சேகர் போனில், "அக்கா, நேரா கோலாலம்பூருக்கே பிளேன்ல வந்துடு, நான் வந்து கூட்டிக்கிறேன்" என்று சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சிங்கப்பூரில் தோழி வீட்டில் ஒரு நாள் தங்கிவிட்டு அங்கிருந்து தனியாக பஸ்ஸில்தான் வருவேன், நீ எங்கேயும் வந்து நிற்க வேண்டாம், கிள்ளான் வரைக்கும் நானே வந்து சேருவேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு நாட்டை ஆகாயத்திலிருந்து பார்த்தால் மேகம்தான் தெரியும்.

போன காரியம் சேகரின் கல்யாணம். கிள்ளான் துறைமுகத்தில் வேலை, வயது நாற்பத்தொன்று. பெண் கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்த தேவிகா. ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். எங்கள் பக்கத்தில் தாலியை மாப்பிள்ளை வீட்டார்தான் செய்து கொண்டுபோக வேண்டும். அம்மா இல்லாததால் அது என் பொறுப்பு. முதல் முடிச்சை மாப்பிள்ளை போட்டதும் மற்ற இரண்டு முடிச்சுகளை நாத்தனார் போட வேண்டும். அந்த நாத்தனாரும் நான்தான்.

சேகருக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் ஊரில் ஒரு பெண் நிச்சயமாகி நின்றுபோனது. காரணம் ஒரு தேங்காய். நிச்சயத்தன்று உடைத்த தேங்காய் அழுகியிருந்தது. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் ஆள் விட்டுத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பின் இரண்டு வருஷம் சேகர் ஊருக்கே வரவில்லை. இந்த முறை ஒரு சின்னக் குறையும் வந்துவிடக் கூடாது என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. தாலியைக் குலதெய்வத்தின் காலடியில் வைத்து எடுத்து, மஞ்சள் கயிற்றில் கோத்து, சின்ன மரப்பெட்டியில் போட்டு, கல்யாணப் பத்திரிகையோடு ஒரு ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டேன். மற்ற உறவினர்கள் பட்டுப்புடவையோடு விமானத்தில் முன்பே போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏறிய பஸ்ஸைப் பற்றி நான் சொன்னால் எங்கள் ஊரில் நம்ப மாட்டார்கள். ஒரு வரிசைக்கு மூன்றே இருக்கைகள். ஒருபக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. அந்த ஒற்றை இருக்கை எனக்கு. அரசன் உட்கார வேண்டிய நாற்காலி அது. சாய்த்தால் சாய்கிறது, காலை நீட்டினால் முன்னிருக்கை இடிக்கவில்லை. எல்லையில் இறங்கி முத்திரை வாங்கி மறுபடி ஏறியதும் குளிர் தாங்காமல் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். டிரைவர் நரைத்த மீசை வைத்த மலாய்க்காரர். ஏறும்போது என் மடியிலிருந்த மஞ்சள் பையை ஒருமுறை பார்த்தார், சிரித்தார். நானும் தலையை ஆட்டினேன். எனக்கு மலாய் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜன்னலுக்கு வெளியே செம்பனை. எண்ணெய் எடுக்கிற பனை. குட்டையாக, தலை விரித்து, வரிசை பிசகாமல் நிற்கிறது. முதல் கால் மணி நேரம் அழகாக இருக்கிறதே என்று பார்த்தேன். ஒரு மணி நேரம் கழிந்தும் முடியவில்லை. மலை ஏறி இறங்குகிறது, கூடவே செம்பனையும் ஏறி இறங்குகிறது. இத்தனைக்கும் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் ஒரு மனிதக் கை பட்டிருக்க வேண்டும். யாருடைய கை என்று நினைத்தபோது மெய் சிலிர்த்தது. நம் ஊரிலிருந்து கப்பலேறிய கைகளும் அதில் உண்டு.

இன்னொரு ஆச்சரியம், யாரும் ஹாரன் அடிக்கவில்லை. மூன்று மணி நேரத்தில் ஒரு தடவைகூட இல்லை. திடீரென்று கொட்டிய மழையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் பாலத்தின் கீழே ஒதுங்கி நின்றார்கள். அவர்கள் நிற்பதற்கென்றே அங்கே தனி இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். மழையில் நனைகிறவனை நினைத்து ரோடு போட்டவன் கட்டாயம் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும்.

சிரம்பான் என்ற ஊருக்கு முன்னால் ஓர் ஓய்விடத்தில் பஸ் நின்றது. டிரைவர் எழுந்து மலாயில் ஏதோ சொல்லி, விரல்களால் பத்தும் ஐந்தும் காட்டினார். பதினைந்து நிமிடம். புரிந்துவிட்டது.

இனி நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். முதலில் எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. சாமி காலடியில் வைத்தெடுத்த தாலியைக் கழிப்பறைக்குள் கொண்டுபோகலாமா? கூடாது. ஆகவே மஞ்சள் பையை சீட்டில் வைத்தேன். பை வைத்த சீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், பை இருக்கிற பஸ் ஆள் வராமல் கிளம்பாது. நம்மூரில் அதுதானே சட்டம்? பாஸ்போர்ட் இருந்த கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிம்மதியாக இறங்கிப் போனேன்.

கழிப்பறையைப் பார்த்து மலைத்து நின்ற முதல் பயணி நானாகத்தான் இருப்பேன். வாசலில் செடிகள், உள்ளே காற்றோட்டம், தரை துடைத்து வைத்த தட்டு மாதிரி. வெளியே வந்தால் வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். ஒரு கடையில் ரொட்டி சானாய் வீசிக்கொண்டிருந்தார்கள். பரோட்டாவுக்கு உறவுதான், ஆனால் தூக்கிப் போட்டால் பறக்கிறது. பருப்புக் குழம்போடு ஒன்று, இழுத்து ஆற்றிய டீ ஒன்று. பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது எனக்குத் தெரியும். ஆனால் நம் கணக்கில் பதினைந்து நிமிடம் என்பது இருபத்தைந்து. அதற்கும் மேல் கண்டக்டர் இறங்கி வந்து விசில் ஊதுவார், "யாருப்பா இன்னும் ஏறலை" என்று ஒரு சத்தம் போடுவார், டிரைவர் இரண்டு தடவை இன்ஜினை உறுமவிடுவார். அதற்குப் பிறகு எழுந்தாலே போதும். நான் இன்னொரு டீ சொன்னேன்.

அந்த நாட்டு பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது என்பது இத்தனை நேரம் பயணம் செய்தும் என் மண்டையில் ஏறவில்லை.

இரண்டாவது டீ பாதி இருக்கும்போது என் பஸ் சத்தமில்லாமல் நகர்ந்து வெளியே போனது. அதன் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சரி, டீசல் போடப் போகிறது என்று நினைத்தேன். அது நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் எழுந்து ஓடினேன்.

"ஏங்க! ஏங்க! என் பையி!"

நாற்பத்தொன்பது வயதில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிகள் நிறுத்துமிடத்தின் விளிம்புவரை ஓடினேன். அங்கே நின்று மூச்சு வாங்கியபோது கையில் துடைப்பத்தோடு ஒரு பெண் வந்தார். கழிப்பறையைப் பளபளவென்று வைத்திருந்த புண்ணியவதி அவர்தான். சட்டையில் லெட்சுமி என்று பெயர்.

"என்னாச்சுக்கா? பஸ் விட்டுட்டீங்களா?"

"விசிலே ஊதலைங்க!"

லெட்சுமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்தியாவுல இருந்து வரீங்களாக்கா? இங்க யாரும் விசிலு ஊத மாட்டாங்கலா. ஆளையும் எண்ண மாட்டாங்க. டைம் ஆச்சுன்னா போய்கிட்டே இருப்பாங்க." அந்த ஊர்ப் பேச்சில் அங்கங்கே ஒரு 'லா' ஒட்டிக்கொள்கிறது.

பையில் தாலி இருக்கிறது என்று சொன்னேன். அவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டார். என் ஊர் போன் அங்கே எடுபடாததால், என் பயணச் சீட்டை வாங்கி அதிலிருந்த எண்ணுக்குத் தன் போனிலிருந்து அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். நாலாவது முறைக்குப் பின், "ஒங்க தம்பி நம்பர் சொல்லுங்க, நான் பேசறேன்" என்றார்.

"வேண்டாங்க."

"ஏங்க்கா?"

தேங்காய்க் கதையைச் சொன்னேன். ஓர் அழுகின தேங்காய்க்கே கல்யாணம் நின்றுபோனது, தாலியே தொலைந்தது என்று தெரிந்தால் இந்தப் பெண் வீட்டார் என்ன செய்வார்கள்? தேவிகாவின் அம்மாவோடு ஒரே ஒரு முறை வீடியோவில் பேசியிருக்கிறேன். சிரிக்கவே இல்லை. "தாலி எப்ப வரும்மா?" என்று மட்டும் கேட்டார். சேகரிடம் சொன்னால் அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். என் வீம்புக்கு அவன் வாழ்க்கையைப் பணயம் வைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. லெட்சுமி என் தோளைப் பிடித்து நிழலில் உட்கார வைத்தார்.

பிறகு அவர் செய்ததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். கோலாலம்பூர் போகிற ஒவ்வொரு பஸ்ஸாகப் போய்க் கதவருகே நின்று பேசினார். இடமில்லை, வழியில் ஆள் ஏற்றக் கூடாது என்று மூன்று பஸ்கள் போயின. ஒன்றரை மணி நேரம் ஆனது. நாலாவது பஸ்ஸின் டிரைவர், ஒரு வயதான சீனர், லெட்சுமி கையை ஆட்டி ஆட்டிப் பேசியதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்து வா என்று தலையசைத்தார். என்ன சொன்னீர்கள் என்று லெட்சுமியைக் கேட்டேன்.

"கல்யாணத்துல கட்டற நகை பஸ்ஸோட போயிடுச்சு, நாளன்னைக்கு காலையில கல்யாணம், ஒங்க மகளா இருந்தா வுட்டுட்டுப் போவீங்களான்னு கேட்டேன்." ஏறும்போது என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். உள்ளே கொய்யாத் துண்டுகள். "பசியாறிக்கிட்டே போங்கக்கா. கெடைக்கும்."

சீனர் என்னைத் தன் பக்கத்திலிருந்த சின்ன மடக்கு இருக்கையில் உட்கார வைத்தார். முன்கண்ணாடி முழுக்க எனக்குத்தான். பயத்தோடு உட்கார்ந்திருக்கிறவளுக்கு வியப்பு வருமா என்றால், வந்தது. மழை விட்ட வானத்தில் முதலில் ஊசி மாதிரி ஒன்று தெரிந்தது, பிறகு பக்கத்தில் இரட்டைக் கோபுரங்கள், பிறகு எங்கே பார்த்தாலும் கட்டடங்கள். பாலத்துக்கு மேல் பாலம், அதற்கும் மேலே ஒரு ரயில், ஓட்டுநரே இல்லாமல் ஓடுகிறதாம். வாய் பிளந்து பார்த்தேன், கண்ணில் நீரும் வழிந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தது. சீனர் பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமல் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை நீட்டினார்.

அந்த ஊர் பஸ் நிலையத்தை பஸ் நிலையம் என்று சொல்வது பாவம். விமான நிலையம் போல மின்படிகள், பளிங்குத் தரை, பலகையில் ஓடும் எழுத்துகள். எங்கள் பஸ் கம்பெனியின் கவுண்டரில் தலையில் முக்காடு போட்ட இளம்பெண் இருந்தாள். ஆங்கிலத்தில் மஞ்சள் பை என்றேன், ஒவ்வோர் அலமாரியாகத் தேடிவிட்டு இல்லை என்றாள். குடைகள் இருந்தன, ஒற்றைச் செருப்பு இருந்தது, ஒரு குழந்தையின் பால் புட்டிகூட இருந்தது. என் பை இல்லை. கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் பயந்துபோய் டிரைவரின் எண்ணைத் தேடியெடுத்துப் பேசினாள். கொஞ்ச நேரம் மலாயில் கேட்டுவிட்டு போனை என்னிடம் கொடுத்தாள்.

"வணக்கம்க்கா, நான் ரோஸ்லி. ட்ரைவர்."

தமிழ்! தூக்கிவாரிப் போட்டது.

"உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"கிள்ளான் பக்கம் கேரி தீவுல பொறந்தவன்க்கா. எஸ்டேட்ல பக்கத்து வூடெல்லாம் தமிழு. ஒங்ககிட்ட பேசலாம்னு பாத்தேன், நீங்கதான் மூஞ்சத் திருப்பிக்கிட்டீங்க." சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "மன்னிச்சுக்கங்கக்கா. சீட்ல பை இருந்துச்சா, ஆளும் இருக்குன்னு நெனச்சுட்டேன். எறங்கிப் பாத்திருக்கணும்."

அதாவது நான் பை போட்டு இடம் பிடித்தது அங்கேயும் பலித்திருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டது.

"பை எங்கங்க?"

"கவுண்டர்ல வெக்கலாம்னுதான் போனேன். பேரு இருக்கான்னு தொறந்தா, தாலி! அத எப்படிக்கா செருப்பு கொடையோட வெக்கறது? மரியாத இல்ல. உள்ள கல்யாண கார்டு இருந்துச்சு, அதுல இருந்த நம்பருக்கு அடிச்சுட்டேன். பொண்ணு வூடாம். பிரிக்பீல்ட்ஸ்ல பூக்கடைகிட்ட குடுக்கச் சொன்னாங்க. எனக்கும் வேலை முடிஞ்சுச்சு, கிள்ளான் ட்ரெயின் ஏறப் போற வழிதான். குடுத்துட்டேன். நீங்க வந்தா அங்கயே வரச் சொன்னாங்க."

தாலி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை. யாருக்குத் தெரியக் கூடாது என்று ஒன்றரை மணி நேரம் தவித்துக் கிடந்தேனோ, அவர்களுக்கே முதலில் தெரிந்துவிட்டது.

"போன்ல பேசினது யாருங்க?"

"ஒரு பொம்பளக்கா. பேரு கேக்கல."

இத்தனை நல்ல மனிதரிடம் என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்றேன். கல்யாணம் நடந்தால் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அங்கிருந்து, நகரத்துக்குள்ளேயே இருக்கிற பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில். நிலையத்தை விட்டு வெளியே வந்து தெருவைப் பிடித்ததும் ஒரு கணம் எந்த நாட்டில் நிற்கிறேன் என்று சந்தேகம் வந்துவிட்டது. வளைவு வளைவாகத் தோரணம், கடைக்குக் கடை பாட்டு, வடை பொரிகிற வாசனை, கண்ணாடிக்குள் தங்கம், வாசலில் வாழைக்கன்று. நடைபாதையில் மேடு பள்ளமாக மஞ்சள் ஓடுகள் பதித்திருந்தார்கள். பார்வையில்லாத ஒருவர் கோலால் அதைத் தடவிக்கொண்டு என்னைவிட வேகமாக, தைரியமாக நடந்து போனார். பார்வையிருந்தும் நான்தான் தடுமாறிக்கொண்டு போனேன். தேவிகாவின் அம்மா சிரிக்காத முகத்தோடு பூக்கடையில் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. என்ன சொல்வது, எப்படிக் காலில் விழுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பூக்கடைகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது கடையில் மல்லிகைக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தேவிகாவே உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் உடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை. பந்தக்கால் நட்டபின் பெண் வாசல் தாண்டக் கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். இங்கே பக்கத்திலுள்ள பங்சார் ஆபீஸில் கடைசி நாள் வேலைக்குப் போய், அங்கிருந்து வந்திருக்கிறாள்.

"அண்ணி!" என்று எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "சாப்டாச்சா? மூஞ்செல்லாம் வாடிப் போச்சு."

என் மஞ்சள் பை கடை மேஜையில், விரித்த வாழையிலையின் மேல், முடிச்சுப் போட்டபடி இருந்தது. மேலே ஒரு கொத்து மல்லிகையும் வைத்திருந்தார்கள்.

"நான் தொடல அண்ணி" என்றாள் தேவிகா. "முகூர்த்தத்துக்கு முன்ன பொண்ணு தாலியத் தொடக் கூடாதாம், பாக்கவும் கூடாதாம். அதான் ட்ரைவரண்ணே கையில இருந்து இந்த ஆன்டிய வாங்கி வெக்கச் சொன்னேன். நான் அந்தப் பக்கம் திரும்பி ஒக்காந்துகிட்டேன்."

பூக்கார ஆன்டி தலையாட்டினார். "நானே பாத்துக்கிட்டேம்மா. ஒரு ஈ ஒக்கார வுடல."

நான் பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, வெட்கமே இல்லாமல் அழுதேன். தேவிகா ஒரு கிளாஸ் கரும்புச்சாறு வாங்கி வந்து குடிக்க வைத்தாள்.

"அம்மாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம் அண்ணி" என்றாள் மெதுவாக. "அந்தத் தேங்காக் கதைய அவரு எங்கிட்ட சொல்லிருக்காரு. நீங்க வந்தீங்க, நான் ஆபீஸ் முடிஞ்சு வந்தேன், வழியில பாத்துக்கிட்டோம். அவ்ளோதான்லா."

"உனக்குப் பயமா இல்லையா கண்ணு? இப்படி ஆயிடுச்சேன்னு?"

"எதுக்குப் பயம்? தாலிக்கு எங்க வீட்டுக்கு வர அவசரம் அண்ணி. ஒங்கள வுட்டுட்டு முன்னாடி ஓடி வந்துருச்சு."

கிள்ளானுக்கு ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி. ஒரு மணி நேரத்துக்கும் மேலான பயணம். அவள் பேசிக்கொண்டே வந்தாள், எந்த நிலையத்தில் என்ன சாப்பாடு நன்றாக இருக்கும் என்றெல்லாம். நான் அவளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அன்று பார்த்த கோபுரமும் பாலமும் ஒருபக்கம், இந்தப் பெண் ஒருபக்கம். என் தம்பிக்கு இப்படி ஒருத்தி கிடைத்திருக்கிறாளே என்று நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்து வழிந்தது.

சனிக்கிழமை பெண் வீட்டில் நலங்கு. தேவிகாவின் அம்மா வீடியோவில் பார்த்த அதே மாதிரிதான் இருந்தார். சிரிப்பு ஒரு நூல் அளவுதான். நான் மரப்பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டியதும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மதியம் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"பஸ்ஸுல தனியா வந்தீங்களாமே. பயணம் சொகமா இருந்துச்சாம்மா?"

புரையேறிவிட்டது. பிறகு ஆரம்பித்தேன் பாருங்கள், செம்பனை, மழை, பாலத்தடியில் ஒதுங்கிய மோட்டார் சைக்கிள்கள், ரொட்டி சானாய் என்று கால் மணி நேரம் அளந்தேன். ஒரு பொய் சொல்லவில்லை, நடுவிலிருந்து ஒன்றை மட்டும் உருவிவிட்டேன். எதிரே தேவிகா மஞ்சள் பூசிய முகத்தைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா சாப்டுங்க, களைச்சுப் போயிருப்பீங்க" என்று இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினார். இந்த அம்மாளை ஏமாற்றுகிறேனே என்று உள்ளுக்குள் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கோயிலை ஒட்டிய மண்டபம். கெட்டிமேளம் முழங்க சேகர் முதல் முடிச்சைப் போட்டான். பின்னால் நின்ற நான் மஞ்சள் கயிற்றைக் கையில் வாங்கினேன். இரண்டாவது முடிச்சு, மூன்றாவது முடிச்சு. இனி யாராலும் அவிழ்க்க முடியாதபடி இழுத்துப் போட்டேன். நிமிர்ந்தபோது கண்ணீர் மறைத்தது. அட்சதை மழையாக விழுந்தது. நாலு வருஷமாக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தத் தேங்காய் அன்றைக்குத்தான் இறங்கியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மண்டப வாசலில் அந்த ஊர்ப் பூப்போட்ட பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு நரைத்த மீசையோடு ரோஸ்லி. பக்கத்தில் அவர் மனைவி, கையில் வண்ணக் காகிதம் சுற்றிய பரிசு. குடும்பத்தோடு வாருங்கள் என்று அழைத்தவளே நான்தான். அழைக்கும்போது, வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றவர் தேவிகாவின் அம்மா. இவர் யார், எந்த வகையில் தெரிந்தவர் என்று அவர் கேட்பார். ரோஸ்லி கள்ளம் இல்லாத மனிதர், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவார்.

மணவறையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாதி வழியில் தேவிகாவின் அம்மாவின் குரல் என் காதில் விழுந்தது.

"நீங்கதான ட்ரைவரண்ணே? வெள்ளிக்கெழம போன்ல பேசுனது நாந்தான். ஒங்க வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வந்தீங்களே, ரொம்ப சந்தோசம். வாங்க, முன்னுக்கு வந்து ஒக்காருங்க."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டு அவர் திரும்பினார். என்னைப் பார்த்ததும் அருகே வந்தார்.

"உங்களுக்கு... தெரியுமா?" என்றேன்.

"கார்டுல போட்டிருக்கறது என்னோட நம்பர்தானம்மா. நாந்தான் தேவிகாவ ஆபீஸ்ல இருந்து எறங்கிப் போயி நிக்கச் சொன்னேன்."

"அம்மாகிட்டச் சொல்ல வேணாம்னு அவ..."

"அப்படிச் சொல்லச் சொன்னதும் நாந்தான்." அவர் என் தோளில் ஒட்டியிருந்த அட்சதையைத் தட்டிவிட்டார். "மொத மொதல்ல எங்க வீட்டுக்கு வரீங்க. நீங்க தலை குனிஞ்சுகிட்டு வாசப்படி ஏறக் கூடாது இல்லையா?"

அவர் சொல்லிவிட்டு, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அடுத்த குடும்பம் வந்துகொண்டிருந்தது.